ரப்பர் பால் நிறத்தில் ஒரு சாம்பிள்

காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். முக்கால்வாசிப் பேர் சுகர் பார்க்க வந்தவர்கள். வெறும் வயிற்றோடு நிற்கிறவர்களுக்குப் பொறுமை கம்மி. அவர்களுக்கு ஊசி குத்துகிற எனக்கு அதைவிடக் கம்மி. கன்னியாகுமரி ஜில்லா மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன லேபில் பத்தொன்பது வருடமாக இரத்தம் எடுக்கிறேன். இந்தக் கதையில் முதல் தப்பு என்னுடையது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அன்றைக்கு ஒரு அம்மாவும் பதினேழு வயது மகளும் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில் வேலை. தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். பிள்ளை சட்டையின் கையை மடக்கிவிட்டுக் கையை நீட்டினாள். எனக்கு ஒரே சந்தோஷம். மேலே ரப்பர் பட்டை கட்டவே தேவையில்லாமல் நரம்பு ஒவ்வொன்றும் கயிறு மாதிரி புடைத்து நின்றது. காலை முழுக்க நரம்பு கிடைக்காமல் தடவித் தடவிக் குத்துகிறவளுக்கு இப்படி ஒரு கை கிடைத்தால் வேறென்ன வேண்டும்? கை முழுக்க முறுக்கேறிய சதை. “நல்ல உடம்பு மக்களே, ஸ்போர்ட்ஸா?” என்று கேட்டேன். அவள் சிரித்த மாதிரி இருந்தது, பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அவளிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அரை மணி நேரம் கழித்து சென்ட்ரிஃப்யூஜ் நின்றது. இரத்த டியூபைச் சுழற்றி எடுத்தால் சிவப்பு அடியில் போய் உட்காரும், மேலே சீரம் தெளிந்து நிற்கும். புதிதாக ஆட்டிய தேங்காய் எண்ணெய் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவளுடைய டியூபில் மேலே வெள்ளை. கொஞ்சம் கலங்கல் என்றால் தினமும் பார்ப்பதுதான். இது கெட்டி வெள்ளை. விடியற்காலையில் மரத்தைக் கீறி, சிரட்டை நிறைந்ததும் வாளியில் ஊற்றுவார்களே, அந்தப் பால்.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்களின் சீரம் கலங்கி இருக்கும். பாஸ்டிங் என்று சொல்லி அனுப்பினாலும் புட்டும் பயறும் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். “வெறும் வயித்துல வரச் சொன்னா தின்னுட்டு வந்து நிக்கிறது. எங்க மெஷினும் கெட்டுப்போகும், உங்க காசும் போகும்.”

“அவ ஒண்ணும் திங்கல்ல பிள்ளே. ராத்திரி எட்டு மணிக்குப் பொறவு வெள்ளம்கூடக் குடிக்கல்ல. நான் கூடத்தானே கிடந்தேன்” என்றார் அந்த அம்மா.

நான் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னேன். வந்தார்கள். மறுபடியும் ரப்பர் பால்.

அந்த அளவு கொழுப்புள்ள சீரத்தை மெஷின் அப்படியே அளக்காது, எல்லை தாண்டிவிட்டது என்று காட்டி நின்றுவிடும். சலைன் விட்டுப் பத்து மடங்கு நீர்க்க வைத்து ஓட்டி, வந்ததைப் பத்தால் பெருக்கினேன். ட்ரைகிளிசரைட் 2,840. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது. ஆயிரத்தைத் தாண்டினாலே கணையம் வெந்துபோகிற ஆபத்து இருக்கிறது என்பது எங்களுக்குப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்த விஷயம். மூன்று மாதச் சுகர் 11.6. தினமும் 150 யூனிட்டுக்கு மேல் இன்சுலின் போடுகிற பிள்ளை. எங்களிடம் வருகிற அறுபது வயது ஆட்களே முப்பது, நாற்பது யூனிட் போட்டுவிட்டு அலுத்துக்கொள்வார்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதுதான் அவளுடைய முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உள்வாங்கி, பதினேழு வயதுக்கு நாற்பது வயது முகம். கழுத்தைச் சுற்றி வெல்வெட் துணி ஒட்டியது மாதிரி கறுப்பு. அதைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகிவிட்டது என்று அம்மா சொன்னார். குளிப்பதில்லை என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு வந்ததாம்.

கழுத்தைச் சுற்றி வருகிற அந்தக் கறுப்பு அழுக்கே கிடையாது. உடம்பில் இன்சுலின் அளவுக்கு மீறி ஓடியும் வேலை செய்யாதபோது தோல் அப்படித் தடிக்கும். குண்டான பிள்ளைகளுக்கு வந்தால் டாக்டர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். இவள் குண்டு இல்லையே, அதனால் யாரும் கழுத்தைப் பார்க்கவில்லை. வயிற்று வலி என்று இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். ஒரு இடத்தில் வாயு என்றார்கள். இன்னொரு இடத்தில் கண்டதையும் தின்கிறாள், இன்சுலின் ஒழுங்காகப் போடுவதில்லை என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். அந்தச் சீட்டை அந்த அம்மா மடித்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னேன்.

எங்கள் ஜில்லா 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் எங்கள் விளவங்கோடு தாலுகாக்காரர்களின் கால் பெரிய வியாதி என்றால் இன்றைக்கும் திருவனந்தபுரம் பக்கம்தான் தானாக நடக்கும். அங்கே ஒரு ஹார்மோன் டாக்டர் அவளைப் பார்த்தார். தொடையையும் புட்டத்தையும் கிள்ளிப் பார்த்தாராம். கிள்ளினால் தோல் மட்டும்தான் கையில் வந்தது, உள்ளே பஞ்சு இல்லை. “பிறந்தப்போ எப்படி இருந்தா?” என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். பிறந்தபோதே ‘சின்ன பயில்வான்’ என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் தூக்கிப் பார்த்தார்களாம். தொப்புள் பிதுங்கி இருந்ததாம். வயிறு எப்போதும் முட்டிக்கொண்டே இருக்குமாம். அது வீங்கிய கல்லீரல். டாக்டர் அங்கேயே பெயர் சொல்லிவிட்டார்: பிறவியிலேயே உடம்பு முழுக்கக் கொழுப்பில்லாத லிப்போடிஸ்ட்ரோபி. பெரார்டினெல்லி-சீப் என்றும் சொல்வார்கள். 1954-இல் பிரேசிலில் பெரார்டினெல்லி என்ற டாக்டரும், 1959-இல் நார்வேயில் சீப் என்ற டாக்டரும் எழுதிவைத்த வியாதி. ஒரு கோடிப் பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பில் எங்கள் ஜில்லாவின் ஜனத்தொகை 18.7 லட்சம். கணக்குப்படி எங்களுக்கு ஒரு ஆள்கூட வந்திருக்கக் கூடாது.

ஆனால் கணக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ஓடாது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான அதே மரபணு வந்தால்தான் இந்த வியாதி வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் தெரியாது. அந்த அம்மாவும் அப்பாவும் அத்தை மகள், மாமன் மகன். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கியது. என்னவோ திருட்டை ஒத்துக்கொள்கிற மாதிரி. எங்கள் தெருவில் பாதிக் கல்யாணம் அப்படித்தான் நடந்திருக்கிறது, அதில் நானும் உண்டு.

சரி, கொழுப்பு இல்லாவிட்டால் நல்லதுதானே? நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன். ‘உனக்குக் கொழுப்புடி’ என்று திட்டுகிற பாஷை நம்முடையது. இரத்தத்தில் கொழுப்பு, வயிற்றில் கொழுப்பு, வாயில் கொழுப்பு என்று அந்தச் சொல்லுக்கு நல்ல அர்த்தமே கொடுத்ததில்லை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து செல்போனில் படித்தேன். டாக்டர் அந்த அம்மாவிடம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து எனக்குப் புரிந்ததை எங்கள் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன்.

எங்கள் ஜில்லாவில் குளங்கள் அதிகம். மழை பெய்தால் தண்ணீர் ஓடிப்போய் குளத்தில் நிற்கும். குளத்தைத் தூர்த்து வீடு கட்டினால் மழை நின்றுவிடுமா? அதே தண்ணீர் அடுக்களைக்குள் ஏறும். தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்புச் செல்கள்தான் உடம்பின் குளம். தின்றதில் மிச்சம் அங்கே போய் நிற்க வேண்டும். அவளுக்குக் குளமே வெட்டவில்லை. அதனால் அந்த எண்ணெய் முழுக்க இரத்தத்தில் சுற்றியது, கல்லீரலுக்குள் ஏறியது, சதைக்குள் ஏறியது. எண்ணெய் ஏறிய கல்லீரலும் சதையும் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. அங்கே சுகர் ஏறுகிறது. உடம்பில் பொட்டுக் கொழுப்பு இல்லாதவளின் இரத்தம் ரப்பர் பாலாக நின்றதன் காரணம் அதுதான்.

இது பாதிக் கதை. மீதிப் பாதி எலிகளிடமிருந்து வந்தது.

அமெரிக்காவில் ஜாக்ஸன் ஆய்வகம் என்று ஒன்று இருக்கிறது, எலிகளை வம்சம் வம்சமாக வளர்க்கிற இடம். 1949-இல் அங்கே ஓயாமல் தின்று பூசணிக்காய் மாதிரி ஊதுகிற ஒரு எலி பிறந்தது. பின்னால் அங்கே வேலை பார்த்த டக்ளஸ் கோல்மன் இரண்டு எலிகளின் உடம்பைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றதுக்குள்ளும் ஓடுகிற மாதிரி வைத்துப் பார்த்தார். கேட்கவே என்னவோ செய்கிறது. ஆனால் முடிவு அபாரம். குண்டு எலியைச் சாதாரண எலியோடு தைத்தால் குண்டு எலி குறைவாகத் தின்றது. அப்படியென்றால் சாதாரண எலியின் இரத்தத்தில் ‘போதும்’ என்று சொல்கிற ஏதோ ஒன்று ஓடுகிறது. அது என்னவென்று 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் கண்டுபிடித்தார். கொழுப்புச் செல்லே சுரக்கிற ஒரு ஹார்மோன். மெலிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள்.

கிடங்கே ஆள் வைத்து மூளைக்குத் தகவல் சொல்லி அனுப்புகிறது. ‘இங்கே நிறைய இருக்கிறது, இனிப் போதும்.’ கிடங்கே இல்லாத உடம்பில் தகவலும் இல்லை. மூளை என்ன நினைக்கும்? பஞ்சம் என்று நினைக்கும்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மா என்னிடம் சொன்னது ஞாபகம் வந்தது. பிள்ளை ஒரு நேரத்துக்கு மூன்று ஆள் சோறு தின்பாள். கிழங்கு அவித்து சாளைக் கறி வைத்த அன்றைக்கு மற்றவர்களுக்கு மிஞ்சாது. அம்மா சோற்றுப் பானையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு அடுக்களையில் இருட்டில் உட்கார்ந்து பச்சை மாவைத் தின்றுகொண்டிருந்தவளைத் துடைப்பத்தால் அடித்திருக்கிறார். ‘இவ வயித்துல என்னவோ கிடக்கு’ என்று ஒரு மந்திரவாதியிடம்கூடக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் மூளைக்கு ஒவ்வொரு ராத்திரியும் பட்டினி ராத்திரி. நாங்கள் எல்லோரும் வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

லெப்டின் கண்டுபிடித்தபோது உலகம் குண்டர்களை மனதில் வைத்துத்தான் துள்ளியது. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்து உரிமை வாங்கியது. ஊசி போட்டால் எல்லோரும் இளைத்துவிடுவார்கள் என்று கணக்கு. நடக்கவில்லை. குண்டானவர்களின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய ஓடுகிறது, மூளைதான் காதில் வாங்குவதில்லை. கத்துகிறவன் பக்கத்தில் போய் இன்னொருவன் கத்தி என்ன பிரயோஜனம்? ஆனால் லெப்டின் சுத்தமாக இல்லாதவர்களுக்கு? கொழுப்பில்லாத எலிகளுக்கு லெப்டின் கொடுத்துப் பார்த்தார்கள், சுகர் இறங்கியது. இன்னொரு குழு வேறு எலியின் கொழுப்பை எடுத்து உள்ளே வைத்துத் தைத்தது, அப்போதும் சுகர் இறங்கியது. கொழுப்பை வைத்து சுகரைக் குறைத்திருக்கிறார்கள்! நான் நாள் முழுக்க ஒப்பிக்கிற அறிவுரைக்கு நேர் எதிர்.

அப்புறம் மனிதர்கள். 2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில் ஒன்பது பெண்களுக்கு நாலு மாதம் லெப்டின் ஊசி. மூன்று மாதச் சுகர் சராசரியாக 1.9 புள்ளி இறங்கியது. ட்ரைகிளிசரைட் 60 சதவீதம் குறைந்தது. கல்லீரல் 28 சதவீதம் சுருங்கியது. ஒன்பது பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று சிலர் கேட்கலாம். கோடியில் ஒருவருக்கு வருகிற வியாதிக்கு ஒன்பது பேர் ஒரு திருவிழாக் கூட்டம்.

அந்த மருந்துக்கு மெட்ரிலெப்டின் என்று பெயர். நம் லெப்டினையே கிருமிக்குள் வைத்துத் தயாரிக்கிறார்கள், ஒரே ஒரு அமினோ அமிலம் கூடுதல். ஜப்பானில் 2013-இலும் அமெரிக்காவில் 2014 பிப்ரவரியிலும் ஐரோப்பாவில் 2018-இலும் அனுமதி கொடுத்தார்கள். குப்பியில் வெள்ளைப் பொடியாக வரும், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், தண்ணீர் விட்டு மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கக் கூடாது. தினம் ஒரு ஊசி தோலுக்கு அடியில். தோலுக்கு அடியில் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு அவளுடைய கைதான் கண்ணில் வந்தது. தோலுக்கு அடியில் கொஞ்சம் கொழுப்பு இருக்கிறவர்களை மனதில் வைத்துச் செய்த ஊசிகள் எல்லாம். இன்சுலின் போடும்போதே அவளுக்கு ஊசி நேரே சதையில் போய்க் குத்தும். அதனால்தான் எந்த இடத்தில் போட்டாலும் வலி என்று அழுவாள். சின்னப் பிள்ளையின் பிடிவாதம் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

போட்டால் கொழுப்பு முளைத்துவிடுமா என்று அந்த அம்மா கேட்டார். முளைக்காது. கன்னம் உப்பாது, குளம் வெட்டப்படாது. தகவல் மட்டும்தான் போய்ச் சேரும். மூளை ‘சரி, பஞ்சம் இல்லை’ என்று அடங்கும். பசி அடங்குவதால் மட்டும் வருகிற பலன் இல்லை அது. அதே அளவு சாப்பாடு கொடுத்துப் பார்த்தபோதும் கல்லீரலும் சதையும் இன்சுலின் சொல்வதைக் கூடுதலாகக் கேட்டன. பயமும் உண்டு. மருந்தை எதிர்த்தே உடம்பு ஆயுதம் தயாரித்து, இருக்கிற கொஞ்சநஞ்ச லெப்டினையும் மழுங்கடிக்கலாம். பிறவியில் இல்லாமல் பின்னால் கொழுப்பை இழந்த சிலருக்கு நிணநீர்ப் புற்று வந்திருக்கிறது. பெட்டியின் மேலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை எழுதியிருப்பது இந்த இரண்டுக்காகத்தான். சுகர் சட்டென்று இறங்கும் என்பதால் இன்சுலினைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆரம்பித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ட்ரைகிளிசரைட் எகிறிக் கணையம் வெந்துபோகலாம். அதனால் நிறுத்துவதும் படிப்படியாகத்தான். மாதக் கணக்கில் போடுகிற ஊசி இல்லை, ஆயுள் கணக்கு. ஒரு மாதம் காசு புரட்டி வாங்கிவிட்டு அடுத்த மாதம் விட்டுவிடலாம் என்கிற வீட்டுக்கு இது ஒத்துவராது.

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ மருந்துக் கடையில் சீட்டை நீட்டினால் கிடைக்கிற சாமான் இல்லை இது. டாக்டர் எழுதிக் கொடுத்து, 12ஏ படிவம் போட்டு, ஒரு ஆளின் சொந்த உபயோகத்துக்கு என்று அனுமதி வாங்கி வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். விலையைக் கேட்டபோது அந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். எத்தனை மரம் வெட்டினால் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். எந்த மரத்தை வெட்டினாலும் வராத தொகை அது. விண்ணப்பங்கள் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டை நான்தான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தேன். நான் செய்த பிராயச்சித்தம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, மத்தியானம் லேபில் கூட்டம் இருக்காது.

லெப்டின் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்ததும் நான்தான். எங்களிடம் அந்த டெஸ்ட் கிடையாது. சீரத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கூரியரில் அனுப்பினோம். என்னைப் போல உடம்புள்ள பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு இலக்கத்தில் வரும். அவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “அக்கா, அப்போ நான் பொய் சொல்லல்லன்னு இதுல எழுதியிருக்கா?” எழுதியிருக்கிறது மக்களே என்றேன்.

இப்போதைக்கு சுகருக்கு இன்சுலின், மெட்ஃபார்மின், இரத்தக் கொழுப்புக்கு ஃபைப்ரேட் மாத்திரை, அப்புறம் சாப்பாடு. சாப்பாட்டில்தான் சண்டை. கொழுப்பைக் குறைத்துச் சமைக்க வேண்டும் என்றால் எங்கள் ஊரில் அதற்குத் தேங்காய் இல்லாமல் சமைக்க வேண்டும் என்று அர்த்தம். மீன் கறிக்குத் தேங்காய், அவியலுக்குத் தேங்காய், தாளிக்கத் தேங்காய் எண்ணெய், நேந்திரங்காய் வற்றல் பொரிப்பதும் அதிலேயே. “தேங்கா அரைக்காம மீனா? அதுக்கு மீன் சும்மா கடல்லயே கிடக்கட்டும்” என்றார் அந்த அம்மா. இருந்தாலும் பழகிவிட்டார். குடம்புளியும் மிளகாய்ப் பொடியும் போட்டு வற்றவைத்து ஒரு கறி வைக்கிறார். எனக்கும் ஒரு நாள் பாத்திரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். சோறு அளந்து, கிழங்கு மாதத்துக்கு ஒரு தடவை. பானையை இப்போது ஒளித்து வைப்பதில்லை. பசி வந்தால் வெள்ளரிக்காயும் வேகவைத்த பயறும் எடுத்துக்கொள் என்று அடுக்களையில் தனியாக ஒரு தட்டு வைத்திருக்கிறார். பசி அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது வீட்டில் யாரும் அவளை அடிப்பதில்லை.

என் கண்ணும் மாறிவிட்டது. இந்த வியாதியில் பாதி உடம்பை மட்டும் பிடிக்கிற வகையும் உண்டு. வயதுக்கு வருகிற சமயத்தில் கை, கால், புட்டத்தில் கொழுப்பு கரைந்து, முகத்திலும் கழுத்திலும் சேரும். வெளியிலிருந்து பார்த்தால் ‘முகம் நல்லா உருண்டிருக்கு’ என்றுதான் தோன்றும். அந்த வகைக்கு ஐரோப்பாவில் பன்னிரண்டு வயதுக்கு மேல், மற்ற மருந்து பலிக்காதவர்களுக்கு இந்த ஊசி உண்டு. அமெரிக்காவில் அந்த வகைக்கு அனுமதி இல்லை. போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு மயினி சுகர் பார்க்க வந்தார். சேலையை விலக்கினால் கெண்டைக்காலில் சதை வரிவரியாகத் தெரிந்தது, முகமோ பௌர்ணமி. சீரம் கலங்கல். “மயினி, ஒரு தடவை ஹார்மோன் டாக்டரைப் பார்த்துட்டு வாங்க” என்றேன். “எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்று கோபித்துக்கொண்டு போனார். ஒன்றும் இல்லாமல்கூட இருக்கலாம்.

போன வியாழக்கிழமை அவள் தனியாக வந்திருந்தாள். இப்போது முதல் ஆளாக வந்து நிற்பாள், ஷட்டரின் ஒரு பக்கத்தை அவளே பிடித்துத் தூக்குவாள். சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி முடிகிற வரைக்கும் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூடியைத் திறந்து டியூபை எடுத்தேன். சீரம் கலங்கியிருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு பழக்கம், எழுத்துள்ள ஏதாவது காகிதத்தின் முன்னால் டியூபைப் பிடித்துப் பார்ப்போம். சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. அதற்கு முன்னால் பிடித்தேன். கஞ்சித் தெளிவு மாதிரி இருந்தது.

“எழுத்து தெரியுதாக்கா?”

“கிட்ட வந்து பாரு.”

எழுந்து வந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். “பதினேழு” என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து, “இல்ல, பதினொண்ணு” என்றாள்.